சாலை விதியும் தலைவிதியும்

சென்னையில் பதிவான முதல் மோட்டார் காரின் எண் எம்.சி. 1. அது யாருடையது தெரியுமா? ஒரு ஜமீன்தாருடையதும் அல்ல, கவர்னருடையதும் அல்ல. சென்னைத் துறைமுகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பவருடையது. கணித மேதை ராமானுஜன் 1912இல் எழுத்தராகப் போய்ச் சேர்ந்தாரே, அந்தத் துறைமுக அலுவலகத்தின் தலைவர் இவர்தான். ராமானுஜனின் திறமையை உணர்ந்து கைகொடுத்தவர்களில் ஒருவர். மணல் தூர்ந்து திணறிக்கொண்டிருந்த துறைமுகத்தின் வாயிலைக் கிழக்கிலிருந்து வடகிழக்கு மூலைக்கு மாற்றியவரும் இவரே.

ஆக, சென்னைச் சாலைகளில் மோட்டாரின் கதையும் துறைமுகத்தின் கதையும் தொடக்கத்திலேயே ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுவிட்டன. அந்தப் பின்னலின் மறுமுனையில் இன்று யார் நிற்கிறார்கள் என்பதைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது ஒரு விளைவு ஏற்பட்டது. கரையோரமாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த மணல், சுவரில் முட்டித் தெற்கே தேங்கிவிட்டது. மெரீனா அகன்றது. வடக்கே ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை கரையைக் கடல் அரித்துத் தின்றது. அரிப்பைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். அந்தக் கல் தடுப்பை ஒட்டி ஓடுவது எண்ணூர் விரைவுச் சாலை. அதற்கு மேற்கே திருவொற்றியூர் நெடுஞ்சாலை. ரயில் பாதையும் பக்கிங்காம் கால்வாயும் அதற்கும் மேற்கே. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், நான்கு நூல்களை அருகருகே வடக்கு தெற்காக இழுத்துக் கட்டினாற்போல் இருக்கும். சரக்கு முழுவதும் இந்த நூல்களின் நெடுக்கே போகிறது. மனிதர்களோ பள்ளிக்கும் கடைக்கும் கோயிலுக்கும் படகுக்கும் இவற்றின் குறுக்கே போக வேண்டியிருக்கிறது. வட சென்னையின் சாலை விபத்தைப் பற்றிப் பேசுவதானால் இந்த நெடுக்கிலும் குறுக்கிலும்தான் ஆரம்பிக்க வேண்டும்.

நம் மொழியில் ‘விதி’ என்ற ஒரே சொல் சட்டத்தையும் குறிக்கும், தலையெழுத்தையும் குறிக்கும். சாலையில் ஒருவர் அடிபட்டு விழுந்தால் கூடி நிற்பவர்கள் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். ஒன்று, ‘விதியை மதிக்கவில்லை.’ இல்லையென்றால், ‘விதி முடிந்துவிட்டது.’ இரண்டோடும் விசாரணை முடிந்துவிடும். ஆனால் எடையும் வேகமும் வளைவும் சேர்ந்த ஒரு கணக்கும் அங்கே இருக்கிறது. அதை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

கொடி பிடித்து நடந்தவர்

மோட்டார் வண்டி பிறப்பதற்கு முன்பே அதற்குச் சட்டம் பிறந்துவிட்டது. நீராவியால் ஓடும் வண்டிகளுக்காகப் பிரிட்டனில் 1865இல் ஒரு சட்டம் வந்தது. வண்டி நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்கு 60 கஜம் முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடி பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். இன்று கேட்டால் சிரிப்பு வருகிறது அல்லவா? ஆனால் அந்தச் சட்டத்தின் உள்ளே ஒரு நியாயம் இருந்தது. தெரு நடப்பவர்களுடையது, புதிதாக வருகிற கனமான வண்டிதான் அவர்களிடம் எச்சரிக்கையோடு நடந்துகொள்ள வேண்டும் என்பது அது.

1896 ஆகஸ்ட் 17 அன்று லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் மாளிகையின் வளாகத்தில் பிரிஜெட் டிரிஸ்கால் என்ற பெண்மணி, காட்சிக்காக ஓட்டப்பட்ட ஒரு மோட்டார் வண்டி மோதி இறந்தார். பிரிட்டனில் பெட்ரோல் காரால் மாண்ட முதல் பாதசாரி அவர். விசாரணையில் அது விபத்து என்று முடிவாயிற்று. அதே ஆண்டில் பழைய சட்டமும் நீக்கப்பட்டு, வேக வரம்பு 14 மைலாக உயர்ந்தது.

இதைவிடச் சுவையான திருப்பம் அமெரிக்காவில் நடந்தது. 1923இல் சின்சினாட்டி நகரத்து மக்கள் 42,000 பேர் கையெழுத்திட்டு ஒரு கோரிக்கை வைத்தார்கள். ஒவ்வொரு காரிலும் மணிக்கு 25 மைலுக்கு மேல் ஓடாதபடி ஒரு கருவி பொருத்த வேண்டும் என்றார்கள். கார் விற்பவர்கள் பதறிப்போய்ப் பெரும் பிரசாரம் செய்தார்கள். வாக்கெடுப்பில் கோரிக்கை தோற்றது. அதன் பிறகு பிரசாரம் வேறு திசையில் திரும்பியது. குறிக்கப்பட்ட இடம் தவிர மற்ற இடத்தில் சாலையைக் கடப்பவரைப் ‘ஜேவாக்கர்’ என்று கேலி செய்தார்கள். நடக்கத் தெரியாத பட்டிக்காட்டான் என்று பொருள். 1925இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் அப்படிக் கடப்பதைக் குற்றமாக்கியது. அறுபதே ஆண்டுகளில் சிவப்புக் கொடி வண்டியின் முன்னாலிருந்து நகர்ந்து நடப்பவரின் கைக்கு வந்துவிட்டது!

நம் பக்கத்துக் கதை ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. திருவாரூரில் இளவரசன் ஏறிச் சென்ற தேரின் சக்கரத்தில் ஒரு பசுங்கன்று அரைபட்டது. ஆராய்ச்சி மணி ஒலித்தது. ‘கன்று துள்ளிக் குறுக்கே ஓடி வந்தது, அதன் தவறுதான்’ என்று சொல்ல அமைச்சர்கள் இருந்தார்கள். மனுநீதிச் சோழன் அதை ஏற்கவில்லை. அவன் கொடுத்த தண்டனை நமக்குக் கொடுமையாகத் தோன்றலாம், அதை விடுங்கள். கனமான வண்டியைச் செலுத்துகிறவன்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும் என்று அவன் எடுத்த நிலை கவனிக்கத் தக்கது. அந்த மன்னனின் சிலை சென்னை உயர் நீதிமன்றத்தில் நிற்கிறது. அங்கிருந்து துறைமுகம் கூப்பிடு தூரம்.

லாரி செய்தவர்கள் சைக்கிளில் வந்தார்கள்

ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. ரயிலும் துறைமுகமும் இருந்த இடத்துக்குத் தொழிற்சாலைகள் தாமே வந்தன. விம்கோ தீப்பெட்டி ஆலை திருவொற்றியூரில் அமைந்தது. இன்றும் அந்தப் பகுதிக்கு விம்கோ நகர் என்றே பெயர்.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஒரு வேடிக்கையான ஒற்றுமையைக் காணலாம். 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1952இல் தேய்ந்த டயருக்கு மேலே ஒட்டும் ரப்பருக்கு மாறினார். 1960களின் தொடக்கத்தில் டயரே தயாரானது. அதுதான் எம்.ஆர்.எஃப். 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்தது. 1955இல் அசோக் லேலண்டாகி லாரிக்கும் பஸ்ஸுக்கும் பேர்போனது. அதே 1955இல் பிரிட்டனின் என்ஃபீல்டு சைக்கிள் கம்பெனியோடு சேர்ந்து திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தயாரிக்க ஏற்பாடாயிற்று. பெயரைக் கவனித்தீர்களா? சைக்கிள் கம்பெனி! ஆகப் பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கடற்கரைத் துண்டில் இந்தியச் சாலைகளுக்கு வேண்டிய லாரியும், மோட்டார் சைக்கிளும், இரண்டுக்கும் டயரும் உற்பத்தியாயின.

இவற்றைச் செய்தவர்கள் எதில் வேலைக்கு வந்தார்கள்? நடந்தும் சைக்கிளிலும்தான். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1951 முதல் ஹெர்குலிஸ் சைக்கிள்களைச் செய்து தள்ளிக்கொண்டிருந்தது. பழைய தொழிலாளர்களைக் கேட்டுப் பாருங்கள். சங்கு ஊதி ஷிப்டு விடும் நேரத்தில் ஆலை வாசலிலிருந்து சைக்கிள்கள் ஆறாகப் பெருகி வந்ததையும், ஹேண்டில்பாரில் தூக்குச்சட்டி ஆடியதையும் சொல்வார்கள். அந்தப் பத்து நிமிடம் லாரிதான் ஒதுங்கி நிற்கும். கூட்டமாகப் போனதே அவர்களுக்குக் கவசம்.

1970இல் சென்னைப் பகுதியில் நடந்த போக்குவரத்துக் கணக்கெடுப்பின்படி, நூறு பயணங்களில் 20 சைக்கிளில் நடந்தன. மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டரும் சேர்ந்து 2கூட இல்லை. ஐந்தில் ஒரு பங்குப் பயணத்தைச் சுமந்த அந்த வண்டிக்குச் சாலையில் என்ன இடம் ஒதுக்கினார்கள் என்று தேடினால் கிடைப்பது ஒரு வார்த்தைதான்: ‘ஓரமாகப் போ.’ சைக்கிள்காரரைச் சட்டம் மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. விளக்கு இல்லாமல் போனால் பிடித்தது. டபுள்ஸ் போனால் பிடித்தது. நகராட்சிக்கு வரி கட்டி வில்லை வாங்கி மாட்டாவிட்டாலும் பிடித்தது. அவருடைய கடமைகள் எல்லாம் சட்டத்தில் இருந்தன. அவருக்கென்று ஒரு பாதை மட்டும் இல்லை.

பெட்டகம் வந்தது

1956 ஏப்ரலில் மால்கம் மக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, 58 அலுமினியப் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி நியூயார்க் அருகேயிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாக இறக்கி ஏற்றாமல் லாரியின் பெட்டியையே தூக்கிக் கப்பலில் வைத்துவிட்டால் என்ன என்ற எண்ணம்தான். அது உலக வாணிபத்தையே மாற்றிவிட்டது. சென்னைத் துறைமுகத்தில் பெட்டக முனையம் 1983 டிசம்பரில் பிரதமர் இந்திரா காந்தியால் தொடங்கி வைக்கப்பட்டது.

துறைமுகத்துக்கு அது பெருமை. தெருவுக்கு? பெட்டகத்தின் நீளத்தைத் தெருவைப் பார்த்து யாரும் தீர்மானிக்கவில்லை. 20 அடி அல்லது 40 அடி என்று உலகம் முழுவதற்கும் ஒரே அளவு. ராட்டர்டாம் துறைமுகத்துக்கு எந்த அளவோ அதே அளவுதான் ராயபுரத்துக்கும். கட்டை வண்டியும் கைவண்டியும் ஓடுவதற்கென்று உருவான தெருக்களில் 40 அடி டிரெய்லர்கள் நுழைந்தன. மணலியில் 1969இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியதிலிருந்தே டாங்கர் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. 2001இல் எண்ணூர்த் துறைமுகமும் அதற்குப் பின் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்து சேர்ந்தன. துறைமுக வாயிலில் சோதனை முடிந்து உள்ளே போகக் காத்திருக்கும் பெட்டக லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசையாக நிற்பது 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அன்றாடக் காட்சியாயிற்று. சாலையின் இடது ஓரம் முழுவதும் லாரி நின்றால் ‘ஓரமாகப் போ’ என்ற விதி என்ன ஆகும்? சைக்கிள்காரர் நடுச்சாலைக்கு வந்துவிடுவார். அங்கே அவருக்குப் பின்னால் ஓடுகிற லாரி.

லாரி டிரைவரைக் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. ஒரு பகலும் ஓர் இரவும் வரிசையில் காத்து, ஸ்டியரிங் மேலேயே தலை சாய்த்துத் தூங்கி, நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் அவர். அவரும் இந்தக் கணக்கில் ஓர் எண்தான். கணக்கைப் போட்டவர் அல்லர்.

ஈரத் தரையில் ஒரு சோதனை

இப்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். செலவில்லாதது. ஒரு சைக்கிளின் இரண்டு டயர்களையும் நன்றாகத் தண்ணீரில் நனையுங்கள். உலர்ந்த சிமெண்டுத் தரையில் அதைத் தள்ளிக்கொண்டே மெதுவாக இடப்பக்கம் திருப்புங்கள். தரையில் இரண்டு ஈரக் கோடுகள் தெரியும். ஒன்றின் மேல் ஒன்று விழாது. பின்சக்கரத்தின் கோடு முன்சக்கரத்தின் கோட்டுக்கு உள்ளே, வளைவின் உட்பக்கமாகப் போயிருக்கும்.

ஏன்? பின்சக்கரம் திரும்பாது, முன்சக்கரம் இழுக்கும் பக்கம் பின்தொடர மட்டுமே செய்யும். வளைவின் மையத்திலிருந்து முன்சக்கரத்துக்கு ஒரு கோடு, பின்சக்கரத்துக்கு ஒரு கோடு வரையுங்கள். வண்டியின் நீளத்தோடு சேர்ந்து ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம் இதற்குப் போதும். சைக்கிளின் இரு சக்கரங்களுக்கு இடையே 1.1 மீட்டர். முன்சக்கரம் 2 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் போனால் பின்சக்கரம் ஏறக்குறைய 1.67 மீட்டர் ஆரத்தில் போகும். வித்தியாசம் ஓர் அடி.

இதையே டிரெய்லருக்குப் போடுவோம். இழுக்கும் வண்டியோடு பின்வண்டியை இணைக்கும் முளையிலிருந்து பின்சக்கரங்கள் வரை 8 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முளை 12 மீட்டர் ஆரத்தில் வளைகிறது. 12இன் வர்க்கம் 144. அதில் 8இன் வர்க்கமான 64ஐக் கழித்தால் 80. அதன் வர்க்கமூலம் 9க்குச் சற்றுக் குறைவு. அதாவது பின்சக்கரங்கள் முன்பக்கம் போன வழியை விட்டு 3 மீட்டர் உள்ளே வந்துவிடும்! தெரு முனையில் வண்டி கால்வட்டம் மட்டுமே திரும்புவதால் உண்மையில் இது சற்றுக் குறையும். குறைந்தாலும், ஒரு சைக்கிளும் அதன் மேலிருப்பவரும் நிற்க ஒரு மீட்டர் போதுமே.

இனி நடப்பதை மனக்கண்ணால் பாருங்கள். டிரெய்லர் இடப்பக்கம் திரும்ப வேண்டும். பின்சக்கரம் மூலைக் கல்லில் ஏறாமலிருக்க, டிரைவர் முதலில் வண்டியைச் சற்று வலப்பக்கம் ஒடிப்பார். இடப்பக்கத்தில் ஓர் இடைவெளி திறக்கும். பின்னால் வரும் சைக்கிள்காரர் ‘லாரி நேரே போகிறது, அல்லது வலப்பக்கம் போகிறது’ என்று எண்ணி, சட்டம் சொன்னபடி இடது ஓரமாகவே அந்த இடைவெளிக்குள் நுழைவார். டிரைவர் உட்காருவது வலப்புறத்தில், ஓர் ஆளின் உயரத்துக்கும் மேலே. இடப்புறக் கதவின் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் சைக்கிள் அவர் கண்ணுக்கு எட்டாது. முன்பகுதி தம்மைத் தாண்டிவிட்டதே என்று சைக்கிள்காரர் நிம்மதியடைவார். அப்போதுதான் பின்பகுதி மெல்ல அவரை நோக்கி நெருங்கி வரும்.

இதில் அதிவேகம் எங்கே இருக்கிறது? வளைவில் லாரி மணிக்குப் பத்துக் கிலோமீட்டர்கூடப் போவதில்லை. குடி இல்லை, சிவப்பு விளக்கைத் தாண்டவும் இல்லை. சைக்கிள்காரர் சட்டம் சொன்ன இடத்தில் இருந்தார். டிரைவர் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பினார். இரண்டு பேரும் விதியை மதித்த பிறகும் ஒருவர் சாகிறார் என்றால், பிழை மூலையின் வடிவத்தில் இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

திருவொற்றியூர்த் தேரடியில் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். நம் ஊர்களில் மோட்டாருக்கு முன்பே ஒரு கனரக வண்டி ஓடியிருக்கிறது: தேர். அதை மூலையில் திருப்புவது எப்படி என்று பார்த்திருப்பீர்கள். நிறுத்தி, சக்கரத்தின் கீழே முட்டுக்கட்டை போட்டு, அங்குலம் அங்குலமாக ஒடிப்பார்கள். கட்டை போடுகிறவரின் கை அசையாமல் வடம் நகராது. தேரின் எடை தெரிந்தவர்கள் தேரோடும் வீதியையும் தேரின் வேகத்தையும் அதற்கேற்ப வைத்திருந்தார்கள்.

நேர்ச்சாலையில் வேகம் வேறு விதமாகத் தன் வேலையைச் செய்கிறது. சரக்கோடு 40 டன் எடையுள்ள டிரெய்லர் மணிக்கு 40 கிலோமீட்டரில் வருகிறது. டிரைவர் கண்டு, உணர்ந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி. அதற்குள் வண்டி 17 மீட்டர் போய்விடும். நல்ல பிரேக்கும் உலர்ந்த சாலையும் இருந்தால் நிற்க இன்னும் 12 மீட்டர். மொத்தம் 29. வேகம் 60 ஆனால் 53 மீட்டர் வேண்டும். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. தூரமோ ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வரும் வினை இது. அந்த 40 டன் வண்டியின் ஆற்றலையும், மணிக்கு 15 கிலோமீட்டரில் போகும் ஒரு சைக்கிளின் ஆற்றலையும் ஒப்பிட்டால் முன்னது மூவாயிரத்து ஐந்நூறு மடங்கு. இவை இரண்டும் ஒரே தடத்தில் ‘பரஸ்பர மரியாதையோடு’ செல்ல வேண்டும் என்று அறிவிப்புப் பலகை எழுதி வைப்பவரை என்ன சொல்வது?

ஒரு தந்தை எழுதிய தலைப்பு

சைக்கிளுக்குப் பேர்போன நாடு நெதர்லாந்து என்கிறோம். அங்கும் அது தானாக வந்துவிடவில்லை. 1950, 60களில் அங்கே கார் பெருகியது. சைக்கிள் பாதைகளை அகற்றிச் சாலைகளை அகலப்படுத்தினார்கள். 1971இல் சாலையில் இறந்தவர்கள் 3,000க்கும் மேல். அவர்களில் 400க்கும் மேற்பட்டவர்கள் சிறுவர் சிறுமியர். விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளரின் மகளும் அவர்களில் ஒருத்தி. 1972இல் அவர் தம் நாளிதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பின் பொருள் ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்பது. விபத்து என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர்கள் தெருவில் மேசை போட்டுச் சாப்பிட்டார்கள். குழந்தைகளோடு சாலையை மறித்தார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதைச் சில வாரங்கள் அரசே தடை செய்தது. காலியான நெடுஞ்சாலைகளில் சைக்கிள் விட்டுப் பார்த்த மக்களுக்குத் தெரு என்பது எப்படி இருக்க முடியும் என்று புரிந்துபோயிற்று. 1976இல் குடியிருப்புத் தெருக்களுக்கு ஒரு புது விதி வந்தது. அங்கே நடப்பவர்தான் முதல்வர். வண்டி நடை வேகத்தில் வர வேண்டும். சைக்கிளுக்கெனத் தனிப் பாதைகள் பிரதான சாலைகளில் போடப்பட்டன. கார் மோதிச் சைக்கிள்காரரோ நடப்பவரோ காயப்பட்டால், பொதுவாகக் காரின் உரிமையாளர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று அவர்கள் சட்டம் சொல்கிறது. பதினான்கு வயது நிரம்பாத குழந்தையானால் அநேகமாக முழுப் பொறுப்பும் அவருடையதே. மனுநீதிச் சோழன் கேட்டால் தலையசைத்திருப்பான்.

2022இல் அந்த நாட்டில் சாலை மரணங்கள் 750க்கும் குறைவு. அது சொர்க்கம் ஆகிவிடவில்லை. இறப்பவர்களில் சைக்கிளில் செல்வோரே மிகுதி. அவர்களில் முதியவர்கள் பலர். ஆனால் அதே 2022இல் தமிழ்நாட்டில் இறந்தவர்கள் 17,884 பேர். மக்கள்தொகையில் நாம் அவர்களைப்போல நான்கு மடங்கைவிடச் சற்று அதிகம். மரணத்திலோ இருபது மடங்கையும் தாண்டிவிட்டோம். இந்தியா முழுவதும் அந்த ஆண்டு சாலையில் மாண்ட 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர மோட்டார் வண்டியில் போனவர்கள். 19 பேருக்கு மேல் வெறுமனே நடந்து போனவர்கள்.

நாமும் சும்மா இருக்கவில்லை. 1982இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, தவறு யாருடையது என்று பார்க்காமலே ஒரு தொகையை முதலில் கொடுக்க வழி செய்தார்கள். 2019இன் திருத்தத்தில் மரணத்துக்கு அது 5 லட்சம் ரூபாய். லாரியின் பக்கவாட்டில், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே ஆள் விழாமலிருக்கத் தடுப்புக் கம்பி வேண்டும் என்றும் நம் விதிகளில் இருக்கிறது. சாலையில் போகும் டிரெய்லர்களில் எத்தனைக்கு அது நேராக, முழுதாக இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம். 2014இல் சென்னை மாநகராட்சி நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முதலிடம் தரும் கொள்கை ஒன்றை ஏற்றது. அதன் பெருமைக்குரிய சின்னம் 2019இல் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகம். நல்ல வேலைதான். ஆனால் பாண்டி பஜாரில் 40 அடி டிரெய்லர் ஓடுவதில்லை.

குறுக்கே போகிறவர்கள்

எண்ணூர், மணலிச் சாலைகளை அகலப்படுத்தப் பெரிய திட்டம் ஒன்று போட்டு, பல ஆண்டுத் தாமதத்துக்குப் பின் வேலை நடந்தது. நெரிசலுக்கு அகலம்தான் மருந்து என்று பொறியாளர்கள் நினைப்பது இயல்பு. நெடுக்கே போகிறவர்களுக்கு அது உண்மை. குறுக்கே போகிறவர்களின் கணக்கு வேறு.

திருச்சினாங்குப்பத்திலோ நெட்டுக்குப்பத்திலோ ஒரு மூதாட்டி, தலையில் மீன் கூடையோடு நொடிக்கு ஒரு மீட்டர் நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தடச் சாலை 7 மீட்டர். கடக்க 7 நொடி. அதற்குள், 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி 97 மீட்டர் வந்துவிடும். சாலையை நான்கு தடமாக்கினால் 14 நொடி. லாரி 194 மீட்டர். அதாவது, ஏறக்குறைய 200 மீட்டருக்கு அப்பால் வருகிற வண்டியின் வேகத்தை அவர் கரையில் நின்றபடியே மதிப்பிட வேண்டும். இரவில் இரண்டு விளக்குப் பொட்டுகளை வைத்து இதைச் செய்ய இளவட்டங்களாலேயே முடியாது. நடுவில் நிற்க ஒரு திட்டு இருந்தால் கணக்கு மறுபடியும் ஏழு ஏழு நொடியாகப் பிரிந்துவிடும். கடக்கும் இடத்தில் சாலையை நடைபாதையின் மட்டத்துக்கு உயர்த்திக் கட்டினால் லாரியும் ஏறி இறங்க வேகத்தைக் குறைக்கும். இரண்டுக்கும் வேண்டியது கொஞ்சம் சிமெண்டும் கல்லும். தடுப்புச் சுவரை மட்டும் நீளமாகக் கட்டிவிட்டு, கிலோமீட்டருக்கு ஓர் இடைவெளி விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சுவரில் உடைத்துவிட்ட சந்துகளே சாட்சி. கூடையோடு ஒரு கிலோமீட்டர் சுற்றிவர யாருக்குக் கால் இருக்கிறது?

2008இல் எடுத்த கணக்கில் சென்னையின் நூறு பயணங்களில் சைக்கிள் 6 ஆகக் குறைந்துவிட்டது. 1970இல் இரண்டுகூட இல்லாத ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும் 25 ஆயின. நடப்பவர்கள் குறையவில்லை, 28 பேர் நடந்துகொண்டிருந்தார்கள். சைக்கிளை விட்டவர்கள் எல்லாரும் வசதி வந்ததால் விட்டவர்கள் அல்லர். பயத்தில் விட்டவர்களை எந்தக் கணக்கும் எண்ணுவதில்லை.

ஆனாலும் சைக்கிள் போய்விடவில்லை. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று அரசு தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், 2005-06இல் மேல்நிலைப் பள்ளி மாணவர் எல்லாருக்கும் விரிந்தது. சங்கு ஊதி வெளிவந்த ஆலைத் தொழிலாளர் கூட்டம் இருந்த இடத்தில் இப்போது பள்ளி மணி அடித்து வெளிவரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. தொழிலாளர்கள் நூறு பேராகச் சேர்ந்து சாலையை நிறைத்துப் போனார்கள். இந்தப் பிள்ளைகள் இரண்டு பேராக, மூன்று பேராக, பேசிக்கொண்டே, இடது ஓரமாகப் போகிறார்கள்.

திருவொற்றியூர், மணலிப் பக்கம் போனால், டிரெய்லர்கள் இடப்பக்கம் திரும்பும் சந்திப்பு எதிலாவது பத்து நிமிடம் நின்று பாருங்கள். வண்டியைப் பார்க்க வேண்டாம். மூலையில் நடைபாதையின் விளிம்புக் கல்லைப் பாருங்கள். வர்ணம் உரிந்து, விளிம்பு நொறுங்கி, மேலே டயரின் கறுப்புத் தடம் படிந்திருக்கும். பின்சக்கரம் எவ்வளவு உள்ளே வருகிறது என்பதை ஒரு காலடி வைத்து அளந்துவிடலாம். பச்சை விளக்குக்காகக் காத்திருக்கும் சைக்கிள்கள் வந்து ஒதுங்கி நிற்பதும் அந்தக் கல்லை ஒட்டித்தான்.